காலையுணவின் கதை

பாவூர்சத்திரத்தில் பொழுது புலர்வதற்கு முன்பே காய்கறிச் சந்தை விழித்துக்கொண்டுவிடும். நெல்லையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், தென்காசிக்குச் சிறிது கிழக்கே அமைந்தது எங்கள் ஊர். சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து கத்தரியும் வெண்டையும் தக்காளியும் சின்ன வெங்காயமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மலையைக் கடந்து கேரளத்துக்குச் செல்லும் லாரிகள் காத்து நிற்கும். சாரற் காலமாயின், குற்றாலத்துப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று முகத்தில் படும். அந்த நேரத்தில் சந்தையின் ஓரத்தில் நின்று பார்ப்பது எனக்கு நெடுநாட் பழக்கம்.

அங்கே நான் விரும்பிப் பார்ப்பது விலைபேசும் காட்சியை அன்று. விற்றவர்கள் சற்று ஓய்ந்து உண்ணும் காட்சியையே. ஒருவர் இலைப் பொட்டலத்தைப் பிரித்து இட்டலி தின்பார். அவருக்கு அருகில், வயது முதிர்ந்த உழவர் ஒருவர் தூக்குச்சட்டியைத் திறந்து, பழஞ்சோற்றைப் பிசைந்து, வெங்காயத்தைக் கடித்துக்கொள்வார். வேறொருவர் கேழ்வரகுக் கூழை மோர் விட்டுக் கரைத்துக் குடிப்பார். பள்ளியில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் நான். இந்த மூவரையும் ஒருங்கே காணும்போது, நம் நாட்டு வரலாற்றின் மூன்று ஏடுகள் ஒரே திண்ணையில் விரிந்து கிடப்பதாகவே எனக்குத் தோன்றும்.

மாணவ நண்பர்களே! எந்த மன்னன் எந்த ஆண்டில் முடிசூடினான், எந்தப் போரில் வென்றான் என்பவற்றை நீங்கள் படிக்கிறீர்கள். அந்தப் போருக்குப் புறப்பட்ட வீரன் அன்று காலையில் எதை உண்டான், அவனுக்கு அதை ஆக்கிக் கொடுத்தவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பவற்றைப் பாடநூல் சொல்வதில்லை. ஆயினும் அவையும் வரலாறுதான். இன்று நான் சொல்ல வந்தது அந்த வரலாற்றையே. காலையுணவு எளிதாகவும் இருக்கவேண்டும், நாளுக்கொரு வகையாகவும் இருக்கவேண்டும் என்பது எல்லா வீடுகளிலும் எழும் விருப்பம். இவ்விருப்பம் நேற்று முளைத்தது அன்று, மிகப் பழையது. அதன் கதையைத் தொடர்ந்து சென்றால், இரண்டு பேரை நாம் சந்திக்கிறோம். ஒருவர் அடுப்படியில் நிற்பவர். மற்றொருவர் பசியோடு உட்கார்ந்திருக்கும் குழந்தை. இவ்விருவரையும் மறவாமல் கேட்டு வாருங்கள்.

என் இளமையில் எங்கள் வீட்டில் காலையுணவுக்கென்று தனிப்பெயர் கிடையாது. "பழையது குடிச்சாச்சா?" என்பதே காலையில் ஒருவரையொருவர் கேட்கும் நலவிசாரிப்பு. இரவில் மிஞ்சிய சோற்றில் நீரூற்றி மண்பானையில் மூடி வைப்பார்கள். காலையில் அது புளித்து, இளமணம் வீசும். உப்பிட்டு, மோர் கலந்து, காணத்துவையலோடு உண்போம். கொள்ளுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் காணம். பானையில் தெளிந்து நிற்கும் நீராகாரத்தைப் பெரியவர்கள் முதலில் குடிப்பார்கள். கருப்பட்டிக் காப்பி வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது பின்னாளில்தான்.

ஒருநாள் நான் ஆச்சியிடம் முரண்டு பிடித்தேன்.

"ஏன் ஆச்சி, இன்னைக்கும் பழையதுதானா?"

"வேற என்னலே வேணும் ஒனக்கு? தீவாளியா இன்னைக்கு, தோசை சுட்டுப் போட?"

எனக்கு அப்போது பத்து வயது. உலகில் வேறெந்தச் சிறுவனுக்கும் நேராத கொடுமை எனக்கு மட்டும் நேர்ந்துவிட்டதாக எண்ணி அழுதேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு, கல்லூரியில் பத்துப்பாட்டைப் படித்தபோதுதான், அந்த அழுகையின் பழமை எனக்குத் தெரிந்தது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளிப்படுத்திய பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்பது ஒன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு பாடியது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. அதில் மருதநிலத்து ஊர் ஒன்றைப் புலவர் காட்டுகிறார். உழைத்து உழைத்துக் காய்த்துப்போன கைகளை உடைய தொழிலாளர் அங்கே வாழ்கின்றனர். அவர்களுடைய அருமைக் குழந்தைகள் பழஞ்சோற்றை வெறுக்கின்றனர். அதனால், வரப்பின்மேல் கட்டிய சிறு குடிலின் முற்றத்தில் அவல் இடிக்கிறார்கள். அந்த உலக்கையின் ஒலியைக் கேட்டுப் பக்கத்தில் இருந்த கிளிகள், பகை வந்துவிட்டதென்று அஞ்சுகின்றன.

இந்தப் பகுதியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிரித்தேன். ஆச்சியிடம் நான் எழுப்பிய வழக்கை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொண்டை நாட்டுக் குழந்தைகள் எழுப்பியிருக்கிறார்கள்! ஆனால் அவர்களுடைய வழக்கு வென்றது. முந்திய நாட் சோற்றுக்கு மாற்றாக, புதிய நெல்லிலிருந்து அவல் கிடைத்தது. உணவில் மாற்றம் வேண்டும் என்று குழந்தை கேட்பது செல்வத்தின் செருக்கன்று, உடம்பின் இயல்பே என்பதை அந்த ஏழை வீட்டார் அறிந்திருந்தனர். ஆனால் அந்த மாற்றத்துக்கு ஒரு விலை இருந்தது. உலக்கையைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது.

அதே பாட்டில், வழிச்செல்லும் பாணனுக்கு ஒவ்வொரு நிலத்திலும் ஒவ்வொரு விதமான உணவு கிடைப்பதைக் காண்கிறோம். ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும், உழவர் குடியில் நெற்சோறும், கடற்கரையில் மீனும் கிடைக்கின்றன. அக்காலத்தில் உணவின் வகை நாளுக்கு நாள் மாறவில்லை. நிலத்துக்கு நிலம் மாறியது. இந்த நிலைமை என் தலைமுறை வரையில் நீடித்தது. எங்கள் நெல்லைச் சீமையையே எடுத்துக்கொள்வோம். தாமிரபரணியும் சிற்றாறும் பாயும் வயற்புறத்தில் நெற்சோறு. சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசற் காட்டில் கம்பும் சோளமும் குதிரைவாலியும். அங்கே நெல்லுச்சோறு என்பது தீபாவளி, பொங்கல் போன்ற நல்ல நாட்களில் காணும் அரும்பொருள். பனைவளம் மிகுந்த தேரிக்காட்டில் பதநீரும் கருப்பட்டியும் பனங்கிழங்கும். மேற்கே மலைவாயிலில் கேரளத்து வழக்கம் கலந்து, புட்டும் பயறும் ஆப்பமும் தேங்காய்ப்பாலும். ஐம்பது கல் நடந்தால் நான்கு விதமான காலையுணவு! ஆனால் கரிசற்காட்டுக் குழந்தை ஆண்டு முழுவதும் கம்பையே உண்டது. வயற்காட்டுக் குழந்தை ஆண்டு முழுவதும் பழையதையே உண்டது.

இனி, இன்று தமிழரின் காலையுணவு என்று உலகமே சொல்லும் இட்டலிக்கு வருவோம். இதன் வரலாறு பலருக்கு வியப்பைத் தரும். சங்க நூல்களில் அப்பம் உண்டு. அப்பம் விற்ற கூவியர் என்னும் வணிகரும் உண்டு. இட்டலி இல்லை. கி.பி. 920-ஐ ஒட்டி எழுந்த வட்டாராதனை என்னும் கன்னட நூலில் 'இட்டலிகே' என்ற பெயர் வருகிறது. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 1130-ஐ ஒட்டி இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல் 'இட்டரிகா' என்ற பண்டத்தைக் கூறுகிறது. ஆனால் அந்த இட்டலி உளுந்தினால் மட்டும் செய்யப்பட்டது. அரிசி அதில் சேரவில்லை. உளுந்தும் அரிசியும் சேர்ந்து அரைபட்டு, இரவெல்லாம் புளித்து, ஆவியில் வெந்த இன்றைய இட்டலி அதற்குப் பின்னே வந்ததாகும். 16-ஆம் நூற்றாண்டுத் திருப்பதிக் கோயிற் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி என்பவற்றோடு இட்டலிப்படி, தோசைப்படி என்பவையும் காணப்படுகின்றன. அவை இறைவனுக்குப் படைப்பதற்காக ஏற்படுத்திய கட்டளைகள். வீட்டுக்கு வந்த பிறகும் இட்டலியும் தோசையும் நெடுங்காலம் பண்டிகைப் பலகாரமாகவே இருந்தன. ஆச்சி தீபாவளியைச் சுட்டிப் பேசியதன் காரணம் இதுவே.

ஏன் அவை நாள்தோறும் செய்யப்படவில்லை? அரிசிக்குப் பஞ்சம் என்பது பாதி விடை. மறுபாதி விடை எங்கள் வீட்டு முற்றத்தில் கிடந்தது, அதுதான் ஆட்டுரல். தீபாவளிக்கு முந்திய நாள் மாலையில் என் அம்மா அதன்முன் உட்காருவாள். ஒரு கையால் குழவியைச் சுழற்றுவாள். மறு கையால் மாவைத் தள்ளிக்கொடுப்பாள். உளுந்து பொங்கப் பொங்க அரைபட வேண்டும். அரிசி தனியே அரைபட வேண்டும். விளக்கு வைத்த பிறகும் குழவியின் ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் எழும்போது தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள். மறுநாள் காலையில் மென்மையான இட்டலிகளை ஒவ்வொன்றாக நாங்கள் விழுங்கினோம். "இட்டலி எவ்வளவு எளிதான உணவு!" என்று உண்பவன் சொல்லலாம். அரைத்தவளைக் கேட்டால் அன்றோ உண்மை தெரியும்?

இதனால், 'எளிய உணவு' என்று யாரேனும் சொன்னால், 'யாருக்கு எளிது?' என்று கேட்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. பழையதின் பெருமையும் இங்கேதான் விளங்குகிறது. அதற்கு அடுப்பு மூட்ட வேண்டா, அரைக்க வேண்டா. ஏர் பூட்டும் கணவனையும் நாற்று நடப் போகும் தன்னையும் விடியலிலேயே வயலுக்கு அனுப்ப வேண்டிய ஒரு பெண்ணுக்கு, அதைவிட நல்ல ஏற்பாடு இருந்திருக்க முடியாது. நீரில் ஊறிய சோற்றில் நுண்ணுயிர்கள் இரவெல்லாம் வேலை செய்கின்றன. சோறு எளிதிற் செரிக்கும் தன்மை பெறுகிறது. பெண் உறங்கும்போது பானை அவளுக்காக உழைத்தது என்று சொல்லலாம்.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் காலையுணவு விரைவாக மாறத் தொடங்கியது. சென்னை மாகாணம் தனக்கு வேண்டிய அரிசியில் ஒரு பகுதியைப் பர்மாவிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, அந்த வரவு நின்றது. பங்கீடு வந்தது, அரிசிக்குப் பதிலாகக் கோதுமையை உண்ணும்படி மக்கள் தூண்டப்பட்டனர். பெங்களூரில் மாவள்ளி டிபன் ரூம் என்னும் புகழ்பெற்ற உணவகத்தார், அரிசி கிடைக்காத அந்தப் போர்க்காலத்தில்தான் தாங்கள் ரவை இட்டலியைக் கண்டுபிடித்ததாகக் கூறுவர். அரைக்க வேண்டாத, ஊறவைக்க வேண்டாத ரவை உப்புமாவும் வீடுகளில் இடம்பெற்றது. தட்டுப்பாடு என்னும் தாய் பெற்ற பிள்ளைகள் இவை.

1955-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர், ஆட்டுரலை மின்விசையால் சுழலச் செய்யும் எந்திரத்தை உருவாக்கினார். இன்று 'கிரைண்டர்' என்று நாம் வீடுதோறும் வழங்குவது அதன் வழிவந்ததே. நாட்டு வரலாற்றை எழுதுவோர் அணைகளையும் ஆலைகளையும் அந்தப் பத்தாண்டின் சாதனைகளாகக் குறிப்பர். அவற்றோடு இந்த எந்திரத்தையும் சேர்த்துக் குறிக்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழ்ப் பெண்களின் தோள்வலியை அது குறைத்தது. அவர்களுக்கு மாலைப் பொழுதைத் திருப்பித் தந்தது. 1960-களின் பிற்பகுதியில் உயர்விளைச்சல் தரும் நெல்வகைகள் பரவின. நியாயவிலைக் கடைகளின் வழியே அரிசி எங்கும் சென்றது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையின்றியும் வழங்கப்பட்டது. கரிசற்காட்டிலும் நெல்லுச்சோறு அன்றாட உணவாயிற்று. தீபாவளி இட்டலி திங்கட்கிழமை இட்டலியாயிற்று.

இது நன்மையே. ஆயினும் இதனோடு ஓர் இழப்பும் வந்து சேர்ந்தது. கம்பும் கேழ்வரகும் குதிரைவாலியும் ஏழைமையின் அடையாளம் என்று எண்ணி, அவற்றைக் கைவிட்டோம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறு பகுதியே. வளரும் எலும்புகளுக்கு வேண்டியதை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு, மருந்துக் கடையில் அதைத் தேடினோம். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது, எங்கள் சந்தையில் கூழ் குடித்த அந்த முதியவரை நினைத்துக்கொண்டேன். உலகம் மீண்டும் கற்கத் தொடங்கிய பாடத்தை அவர் மறவாமல் வைத்திருந்தார்.

இதுவரை ஏதோ ஓர் உணவு இருக்கும் வீடுகளைப் பற்றிப் பேசினேன். ஒன்றுமே இல்லாத வீடுகளின் காலைப்பொழுதைப் பற்றியும் பேசாவிட்டால் இந்தக் கதை முழுமை பெறாது.

ஆச்சியிடம் நான் முரண்டு பிடித்தேன் என்றேனே, அது ஐப்பசி மாதத்து அடைமழைக் காலம். அன்று திங்கட்கிழமை. அழுதுகொண்டே பழையதைப் பாதி உண்டு, மீதியை வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். காலை வழிபாட்டில் அணிவகுத்து நின்றபோது, என் முன்னால் நின்ற நண்பன் திடீரென்று சரிந்து விழுந்தான். அவனுடைய தந்தை கூலிவேலை செய்பவர். மழையினால் வேலை இல்லை. தாய் வீட்டிலிருந்தே பீடி சுற்றிப் பிழைப்பவள். ஆசிரியர் அவனைத் தூக்கி நிழலில் கிடத்தி, முகத்தில் நீர் தெளித்து, "காலையிலே என்னடா சாப்பிட்டே?" என்று கேட்டார். "தண்ணி சார்" என்றான். ஆசிரியர் தம் உணவில் பாதியை அவனுக்கு அளித்தார். இடைவேளையில் அவன் என்னிடம், "நீ என்ன சாப்பிட்டே?" என்றான். நான் வெறுப்போடு, "பழையதுதான், பாதியை வச்சுட்டு வந்துட்டேன்" என்றேன். அவன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த மீதி இப்பவும் இருக்குமால?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. அதன் பிறகு பழையதைப் பற்றி நான் ஆச்சியிடம் குறை சொன்னதில்லை.

அந்த நாளில் எங்கள் பள்ளியில் மதிய உணவு இருந்தது. இதன் வரலாறும் தெரிந்துகொள்ளத் தக்கது. 1920-ஆம் ஆண்டில், சர் பி. தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் குழந்தைகளுக்குச் சிற்றுண்டி வழங்க முடிவு செய்தது. ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என்பது ஏற்பாடு. பின்னர்ப் பணத்தடையால் 1925-இல் அது நின்றது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956-இல், மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவியது. சேரன்மாதேவிப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனை, "ஏன் பள்ளிக்குப் போகவில்லை?" என்று காமராசர் கேட்டார் என்றும், "போனால் சோறு யார் தருவார்?" என்று அவன் திருப்பிக் கேட்டான் என்றும் எங்கள் மாவட்டத்தில் ஒரு கதை வழங்குகிறது. ஒரு நாட்டின் கல்விக் கொள்கை மாடு மேய்க்கும் சிறுவனின் வாயிலிருந்து பிறந்தது என்று மக்கள் நம்ப விரும்புவதே ஒரு பெருமை அன்றோ? 1961 முதல் கேர் நிறுவனத்தின் உதவியாக வெளிநாட்டுப் பால்பொடியும் தானிய மாவும் வந்தன. 1982 ஜூலை 1-ஆம் நாள், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கிற்று.

இவை யாவும் நண்பகலுக்கு உரியவை. காலைப் பசிக்கு யாரும் விடை சொல்லவில்லை. முதல் மணி அடித்ததிலிருந்து மதிய மணி அடிக்கும்வரை, வெறும் வயிற்றோடு கணக்குப் போட்ட குழந்தைகள் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்தார்கள். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. முதற்கட்டமாக 1,545 பள்ளிகளில், ஏறத்தாழ 1,14,000 குழந்தைகள் பயன் பெற்றனர். 2023 ஆகஸ்டு 25-ஆம் நாள், திருக்குவளையில் நடந்த விழாவின் மூலம், மாநிலத்து அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிந்தது. உணவுப் பட்டியலைப் பாருங்கள். ஒருநாள் உப்புமா, மறுநாள் கிச்சடி, இன்னொரு நாள் பொங்கல், உடன் காய்கறிச் சாம்பார். ரவை, சேமியா, அரிசி, கோதுமை என்று பொருளும் மாறி வருகிறது. ஊர்ப்புறங்களில் மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்கின்றனர். போர்க்காலத் தட்டுப்பாட்டில் வந்த ரவை இங்கே குழந்தைகளின் நண்பனாயிற்று. பெரும்பாணாற்றுப்படைக் குழந்தைகள் கேட்ட 'மாற்றம்' என்னும் உரிமையும் அரசின் பட்டியலில் இடம்பெற்றது.

இதைப் புத்தம் புதிய எண்ணம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கருக்குச் சோறிடும் சத்திரங்கள் இந்நாட்டுச் சாலைகளில் ஏராளமாக இருந்தன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி, 1801-இல் ஆங்கிலேயரின் பிரதிநிதிக்குத் தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாதவர் யாரேனும் உண்டோ என்று அழைத்துச் சோறிடுவதை அதில் சொல்கிறார். வந்த இடத்தில் பெற்றோரை இழந்த அயலார் குழந்தைகளைச் சத்திரத்துப் பள்ளி ஆசிரியர் பொறுப்பில் விட்டு, நாள்தோறும் மூன்று வேளையும் உணவளிப்பதாகவும் குறிப்பிடுகிறார். பள்ளியும் சோறும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்ற அறிவு நம் மண்ணில் பழையது. இடையிலே மறந்துபோயிருந்தோம்.

நண்பர்களே! வரலாற்றைக் கேட்டபின், நம் வீட்டுக் காலைப்பொழுதுக்கு அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்ப்போம். முதலாவது, நம் முன்னோரின் நான்கு நிலத்து உணவையும் நாம் ஒரே வாரத்தில் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். அவர்களுக்கு இல்லாத வசதி இது. ஒரு தடவை அரைத்த மாவு முதல்நாள் இட்டலி, மறுநாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் தூவிய ஊத்தப்பம். நான்காம் நாள், அடுப்பே வேண்டாத அவல். அலசிச் சற்று ஊறவைத்து, தேங்காய்த் துருவலும் கருப்பட்டித் தூளும் கலந்தால் போதும். ஐந்தாம் நாள் புட்டும், வேகவைத்த சிறுபயறும். ஆறாம் நாள் கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும். ஏழாம் நாள், ஆம், பழையதும் காணத்துவையலும்! இரவுச் சோற்றில் தூய நீர் ஊற்றி மறுநாள் காலையிலேயே உண்டுவிட வேண்டும் என்பது மட்டுமே விதி.

இரண்டாவது, தானியத்தோடு பருப்பையோ பயற்றையோ சேர்க்கும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. உளுந்திலும் பயற்றிலும் அது மிகுதி. பயறுவகையில் குறைவான மெதியோனின் அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இட்டலியில் அரிசியையும் உளுந்தையும் சேர்த்தவர்களுக்கும், புட்டோடு பயற்றை வைத்தவர்களுக்கும் இந்தப் பெயர்கள் தெரியா. ஆனால் அவர்களுடைய கை பிழை செய்யவில்லை.

மூன்றாவதாகச் சொல்வது, உங்களில் ஆண்பிள்ளைகளுக்குச் சற்றுக் கசக்கலாம். எந்திரம் வந்த பிறகும் விடியலில் முதலில் எழுபவர் பெரும்பாலும் தாயே. அவல் அலசவும், பயறு ஊறவைக்கவும், தேங்காய் துருவவும் பெரும் கல்வி வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது நீங்கள் முன்னே எழுந்து, "அம்மா, இன்றைக்குக் காலையுணவு என் பொறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். அன்றுதான் அந்த உணவு வீட்டில் எல்லாருக்கும் எளிய உணவு ஆகும்.

சென்ற மாதம் ஒருநாள் காலையில், சந்தையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு தொடக்கப் பள்ளியின் வாயிலில் சிறிது நேரம் நின்றேன். உள்ளே குழந்தைகள் வரிசையாக அமர்ந்து பொங்கல் உண்டுகொண்டிருந்தார்கள். கடைசியில் இருந்த ஒரு சிறுவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இன்னைக்கும் பொங்கலா?" என்று பரிமாறும் அம்மையாரைக் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "நாளைக்கு வேற உண்டு, இப்பத் தின்னு" என்று இன்னொரு கரண்டி வைத்தார்.

அவன் முகச்சுளிப்பைக் கண்டு எனக்குக் கோபம் வரவில்லை. வயிறு காயாத குழந்தைக்குத்தான் அப்படிச் சலித்துக்கொள்ள முடியும். மழைநாளில் என்முன் சரிந்து விழுந்த நண்பனுக்கு அந்தச் சலிப்பு ஒருநாளும் வாய்க்கவில்லை. அவனை நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.